பேரப் பிள்ளைக்கு வலிப்பு: தாத்தா பாட்டி அறிந்திருக்க வேண்டியவை

ஆயர் ஈத்தாம், பார்லிம், பாயா தெருபோங் வட்டாரங்களில் தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகள் பல. பகல் நேரத்தில் பிள்ளை தாத்தா பாட்டியின் கையில்தான் இருக்கிறது. ஆகவே, குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதை முதலில் பார்க்கப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான்.

எந்தெந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம், அவற்றில் எதைத் தடுக்கலாம், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கையேடு விளக்குகிறது. இதை உங்கள் மகன், மகள், மருமகள், மருமகனோடு சேர்ந்து படியுங்கள்.

பெயரும் பயமும்

தமிழில் இந்நோயைக் ‘காக்காய் வலிப்பு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கால் கை வலிப்பு என்பதே பேச்சில் மருவி அப்படி ஆனது என்பார்கள். காக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு கிடையாது. மலாயில் பன்றியின் பெயரைச் சேர்த்து ‘சாவான் பாபி’ என்றும், சீன மொழியில் ஆட்டின் பெயரைச் சேர்த்தும் சொல்லும் வழக்கம் உண்டு. இப்படி நம் அக்கம்பக்கத்து மொழிகள் சில இந்நோய்க்கு ஒரு விலங்கின் பெயரைச் சூட்டியிருக்கின்றன. அந்தப் பெயர்கள் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும். வலிப்பு நோய் என்றே சொல்லுங்கள்.

மூளையின் நரம்பணுக்கள் மிகச் சிறிய மின் சமிக்ஞைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சில நொடிகளோ நிமிடங்களோ அந்தச் சமிக்ஞைகள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது வலிப்பு வருகிறது. இது பேய், தோஷம், கண்ணேறு ஆகியவற்றால் வருவது அன்று. ஒருவரைத் தொட்டால் மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒரு முறை வலிப்பு வந்துவிட்டால் அது வலிப்பு நோய் ஆகிவிடாது. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, விஷப் பொருள் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் மீண்டும் மீண்டும் வந்தால்தான் மருத்துவர்கள் அதை வலிப்பு நோய் என்று முடிவு செய்கிறார்கள்.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

மழை பெய்தால் கோயில் படிக்கட்டு வழுக்கும். ஆனால் அந்தப் படியில் ஏறுகிற எல்லோரும் விழுவதில்லை. மழை பெய்யாத நாளிலும் சிலர் விழுவதுண்டு. ஆபத்துக் காரணியும் இப்படித்தான். அது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, நோய் வந்தே தீரும் என்று அதற்குப் பொருள் இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடிவதில்லை. எனவே, பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால் “யார் என்ன தவறு செய்தார்கள்?” என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

1. பிறப்பதற்கு முன்பும் பிறக்கும்போதும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தை, பிரசவத்தின்போது மூளைக்குப் போதிய உயிர்வளி கிடைக்காத குழந்தை, பிறந்த சில நாள்களிலேயே வலிப்பு வந்த குழந்தை ஆகியோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். மூளையின் அமைப்பிலேயே பிறவிக் குறை இருந்தாலும், கருவில் இருக்கும்போது தாய்க்குச் சில தொற்றுநோய்கள் வந்திருந்தாலும் அவ்வாறே.

இதில் உங்கள் பங்கு என்ன? மகளோ மருமகளோ கருவுற்றால், தாய் சேய் நலப் பரிசோதனைக்கு ஒருமுறைகூடத் தவறாமல் போகச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் நம் குடும்பங்களில் அதிகம் காணப்படுபவை. கர்ப்ப காலத்தில் இவை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் குழந்தை பாதிக்கப்படலாம். தாய்க்கு இனிப்பு நீர் இருந்தால், பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்து வலிப்பு வரக்கூடும். “நாங்கள் எல்லாம் ஊசியும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் ஐந்தாறு பெற்றோம்” என்று சொல்லி அவரைத் தடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்து பிழைக்காமல் போன பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

2. பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை

பிறந்த குழந்தைகள் பலருக்கு மஞ்சள் காமாலை வருகிறது. பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். ஆனால் இரத்தத்தில் அந்த மஞ்சள் நிறப்பொருள் மிக அதிகமாகிவிட்டால் அது மூளைக்குள் சென்று நிரந்தரமான பாதிப்பை உண்டாக்கும். வலிப்பு, காது கேளாமை, கை கால் இயக்கக் கோளாறு ஆகியவை அதன் விளைவுகள்.

முதல் 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் முகத்திலிருந்து வயிறு, கால் எனக் கீழே இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும் உடனே கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். காலை வெயிலில் காட்டுவது இதற்கு மருத்துவம் ஆகாது. நாட்டு மருந்தும் மூலிகைச் சாறும் கொடுக்க வேண்டாம். மருத்துவமனையில் கொடுக்கப்படும் ஒளிச் சிகிச்சையே சரியான வழி. வீட்டிற்கு வரும் தாதியர் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள்.

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ளதா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் பரிசோதனை செய்கிறார்கள். அக்குறைபாடு உள்ள குழந்தைக்கு இரத்த அணுக்கள் எளிதில் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் வாசனைகூட அக்குழந்தைக்கு ஆகாது. பாட்டி பத்திரப்படுத்தி வைத்த பழைய துணியில் குழந்தையைச் சுற்றுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

3. மூளைக்காய்ச்சல்

மூளையையும் அதைச் சுற்றியுள்ள சவ்வையும் தாக்கும் கிருமிகள் வடுவை விட்டுச் செல்லலாம். அந்த வடு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வலிப்பை உண்டாக்கும்.

இது நம் ஊருக்குப் புதிதன்று. 1988-இல் பினாங்கில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டது. 1998, 1999 ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பரவிய நோயை முதலில் அதே நோய் என்றுதான் எண்ணினார்கள். பிறகுதான் அது சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்ற நிப்பா கிருமி என்று தெரிந்தது. அதில் 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நாள்களின் பீதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

மூளையைத் தாக்கும் கிருமிகளில் பலவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோய்க் கிருமி குழந்தையின் மூளையைத் தாக்காமல் காக்கிறது. 2, 3, 5, 18 மாதங்களில் போடும் ஊசியில் ‘ஹிப்’ கிருமிக்கு எதிரான மருந்தும் உள்ளது. 9, 12 மாதங்களில் போடும் ஊசி தட்டம்மை, புட்டாளம்மை, ஜெர்மன் அம்மை ஆகியவற்றைத் தடுக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நிமோகாக்கல் தடுப்பூசியும் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசமாகப் போடப்படுகிறது.

ஊசி போட்ட அன்று சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். அரிதாக, அந்தக் காய்ச்சலில் வலிப்பும் வரலாம். அதனால் வலிப்பு நோய் உண்டாவதில்லை. ஊசிக்குப் பயந்து தட்டம்மைக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் பிள்ளையைத் திறந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

4. காய்ச்சலில் வரும் வலிப்பு

தாத்தா பாட்டிமார் அதிகம் பார்ப்பதும் அதிகம் பயப்படுவதும் இதுதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருகிறது. ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று முன்பு சொன்னது பெரும்பாலும் இதைத்தான். பார்ப்பதற்குப் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று தோன்றும். ஆனால் சில நிமிடங்களில் நின்றுவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, படிப்பையும் பாதிப்பதில்லை. இப்பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவதில்லை.

கீழ்க்கண்டவை இருந்தால் மட்டும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது:

• வலிப்பு 15 நிமிடத்திற்கு மேல் நீடித்தது.
• உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது.
• 24 மணி நேரத்திற்குள் மீண்டும் வந்தது.
• உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ வலிப்பு நோய் உள்ளது.
• பிள்ளையின் வளர்ச்சி முன்பிருந்தே தாமதமாக உள்ளது.

காய்ச்சல் மருந்து பிள்ளையின் உடல் வலியைக் குறைத்து ஆறுதல் தரும். ஆனால் வலிப்பு வராமல் அது தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே, மருந்து கொடுத்தும் வலிப்பு வந்துவிட்டால், “சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையே” என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். காய்ச்சலில் முதல் முறை வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அது மூளைக்காய்ச்சல் இல்லை என்பதை அவர்தான் உறுதி செய்ய முடியும்.

5. தலையில் அடி

பலமாக அடிபட்டு நினைவிழந்த பிள்ளைக்கும், மூளையில் இரத்தம் கசிந்த பிள்ளைக்கும், மண்டையோடு நொறுங்கிய பிள்ளைக்கும் பின்னாளில் வலிப்பு வரலாம். சாதாரணமாகத் தலையில் இடித்துக்கொள்வதை எண்ணிப் பயப்பட வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கும் மாடி முகப்புக்கும் கம்பி போடுங்கள். அவற்றின் அருகே நாற்காலி, பெட்டி வைக்காதீர்கள். தொட்டில் கட்டும் கயிறும் கம்பிச் சுருளும் உறுதியாக உள்ளனவா என்று அடிக்கடி பாருங்கள். அழுகிற குழந்தையைப் பிடித்து உலுக்காதீர்கள். தலை ஆடுகிற வேகத்தில் மூளைக்குள் இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும்.

பள்ளி பக்கத்தில்தானே என்று பேரனைத் தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லாதீர்கள். விபத்துக்குத் தூரம் தெரியாது. காரில் பிள்ளைக்கான தனி இருக்கை 2020 முதல் நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

6. குடும்பமும் உறவுத் திருமணமும்

வலிப்பு நோய் உள்ள ஒருவரின் பிள்ளைக்கோ உடன்பிறப்புக்கோ அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் வருவதில்லை.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பது நம்மிடையே பழைய வழக்கம். இரத்த உறவில் மணம் செய்தவர்கள் இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருக்கலாம். அது இரு பக்கமிருந்தும் பிள்ளைக்குச் சேரும்போது நோயாக வெளிப்படுகிறது. சில வகை வலிப்பு நோய்கள் இவ்வாறு வருகின்றன. இந்தத் தொடர்பைக் கேரளத்திலும், நம் நாட்டில் இந்திய நோயாளிகளிடமும் மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சொந்தத்தில் பெண் எடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்போ வளர்ச்சிக் குறையோ இருந்ததை மூடி மறைக்காமல் சொல்லுங்கள். பழைய தலைமுறையின் கதை உங்களுக்குத்தான் தெரியும். முன்கூட்டியே மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேட்கலாம்.

ஏற்கெனவே நடந்த திருமணத்தைக் காட்டி யாரையும் பழிக்காதீர்கள். “இது எங்கள் பக்கத்தில் இல்லை, அவள் வீட்டிலிருந்து வந்தது” என்று ஒரு வார்த்தை சொன்னால், நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாயின் மனம் உடைந்துவிடும்.

7. நாடாப்புழு

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களும் அங்குப் போய் வருபவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் ஆய்வு செய்தபோது, வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கியதே காரணம் என்று கண்டார்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் சைவர்களுக்கும்கூட இது வரும். ஏனென்றால், புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாகத்தான் மற்றவர் வயிற்றுக்குள் போகின்றன. கழிவறைக்குப் போன பிறகும் சமைப்பதற்கு முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய், கீரைகளை ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். பன்றி இறைச்சி சமைப்பவர்கள் அதை உள்வரை வேகவையுங்கள்.

வீட்டில் உள்ள பொருள்களே வலிப்பைத் தூண்டலாம்

இவை வலிப்பு நோயைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் நலமாக இருக்கும் பிள்ளைக்கும் திடீரென வலிப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

• சூடம்: பூசை அறையில் உள்ள சூடத்தைப் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். டப்பாவை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ சூடம் கலந்த எண்ணெயைத் தடவ வேண்டாம். சளிக்கென்று சூடத்தை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.
• நீலகிரித் தைலம்: வெளியே பூசுவதற்கான தைலத்தைக் குடித்தாலும் இதே ஆபத்துதான்.
• அதிகத் தண்ணீர்: ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தனித் தண்ணீர் தேவையில்லை. பால் மாவு தீர்ந்துவிடுமே என்று மாவைக் குறைத்து நீரைக் கூட்டினால், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரும்.
• உங்கள் மாத்திரைகள்: இனிப்பு நீருக்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சிலவற்றைப் பிள்ளை விழுங்கினால் சர்க்கரை மிகவும் குறைந்து வலிப்பு வரும். தலையணைக்கு அடியிலும் மேசை மேலும் மாத்திரை வைக்காதீர்கள்.

இவற்றில் எதையாவது பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பொருளின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

எல்லா வலிப்பும் கை கால் இழுத்து வருவதில்லை

பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறதா? ஒரு நாளில் பலமுறை இப்படி நடக்கிறதா? ஆசிரியர் “கவனமில்லை” என்பது இதுவாக இருக்கலாம்.

சில மாதக் குழந்தை தூங்கி எழும்போது திடீர் திடீரெனக் கைகளை விரித்து முன்னோக்கிக் குனிந்து, அடுத்தடுத்துப் பலமுறை அப்படியே செய்கிறதா? வயிற்றுவலி என்றும் ‘பயந்துவிட்டது’ என்றும் எண்ணி, மந்திரித்துக் கயிறு கட்டி நாள் கடத்தாதீர்கள். இது குழந்தைப் பருவத்தின் கடுமையான ஒருவகை வலிப்பாக இருக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும். கைத்தொலைபேசியில் படம் பிடித்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. முதலில் மருத்துவமனை, பிறகு கோயில்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

1. கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கிய நேரத்தை மனத்தில் வையுங்கள்.
2. பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து, அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள்.
3. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும்.
4. கழுத்தை இறுக்கும் உடையைத் தளர்த்துங்கள்.
5. வலிப்பு நின்று பிள்ளை முழுமையாக விழிக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

செய்யக் கூடாதவை

• கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருப்பதால்தான் அது வேலை செய்ததாகத் தோன்றுகிறது.
• வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ விடாதீர்கள். நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை.
• தண்ணீர், மருந்து, சோடா எதையும் வாயில் ஊற்றாதீர்கள்.
• கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால், நின்றதும் மீண்டும் வந்தால், மூச்சுத் திணறினால், தலையில் அடிபட்டிருந்தால், நீரில் இருக்கும்போது வந்தால் உடனே 999 எண்ணை அழையுங்கள். வீட்டு முகவரி, அடுக்குமாடியின் பெயர், மாடி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

மருந்து தொடங்கிய பிறகு

மருத்துவர் கொடுத்த மருந்தைக் குறித்த நேரத்தில், குறித்த அளவில் கொடுங்கள். ஆறு மாதமாக வலிப்பு வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நீண்ட, ஆபத்தான வலிப்பு வரலாம். பல பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றிக் கடந்த பிறகு மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த முடிகிறது. அதை மருத்துவர் முடிவு செய்வார். புது மருந்து தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லாமல் நாட்டு மருந்து எதையும் சேர்க்க வேண்டாம்.

குளியல் தொட்டியிலும் நீச்சல் குளத்திலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மற்றபடி பிள்ளை பள்ளிக்குப் போகலாம், ஓடியாடலாம், திருவிழாவுக்கு வரலாம். ஆசிரியருக்கு நோயைப் பற்றிச் சொல்லுங்கள். “பின்னாளில் கல்யாணம் ஆகாதே” என்று மறைத்து வைத்தால், வகுப்பில் வலிப்பு வரும்போது என்ன செய்வது என்று அங்கு யாருக்கும் தெரியாது.

கிளினிக்கிற்குப் போகும்போது

குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்பார்: பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தது? பிறந்ததும் அழுததா? மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை கொடுத்தார்களா? முன்பு தலையில் அடிபட்டதா? குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்பு உண்டா? வலிப்பு எந்தப் பக்கம் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது காய்ச்சல் இருந்ததா? தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். மலாயோ ஆங்கிலமோ பேசச் சிரமமாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியரையோ பணியாளரையோ கேளுங்கள், அல்லது வீட்டு இளையவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சரியான மருந்து எது என்பதை மருத்துவர் தீர்மானிப்பதற்குப் பெரும்பாலும் படக்கருவியைவிட, நேரில் பார்த்தவர் சொல்லும் விவரமே முதலில் உதவுகிறது. அந்த விவரம் உங்களிடம் இருக்கிறது.